கேரவனுக்குத் தனி லைன்

கேரவனில் ஏசி ஓடத் தொடங்கியதும் வீட்டில் எல்லாம் நின்றுபோயிற்று.

ஃபேன் நின்றது. வாஷிங் மெஷின் வயிறு நிறையத் தண்ணீரோடு நின்றது. நிற்காதது மாமனாரின் குரல் ஒன்றுதான். அவர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு யாரோ ஒரு நண்பரிடம், "கரண்ட் போயிடுச்சுப்பா, எங்க மாப்பிள்ளை கைவண்ணம்" என்று நேரடி வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குரலிலிருந்து தப்பிக்கத்தான் கேரவனே வாங்கப்பட்டது. இது மாப்பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார் அதிகாரி. காலையிலிருந்து மாலைவரை ஊராரின் குழாய், அடைப்பு, கலங்கல் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொள்வது உத்தியோகம். வீட்டுக்கு வந்தால் மாமனார். மகளோடு இருக்கலாம் என்று வந்தவர், வந்த நாளிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார். அதிகாரி கேட்டதெல்லாம் சாத்திக்கொள்ள ஒரு கதவும், ஒரு நாற்காலியும், நெடுங்காலமாக ஒரே அத்தியாயத்தில் நின்றுவிட்ட தடிமனான நாவலை முடிக்கக் கொஞ்சம் அமைதியும்தான். விடுமுறையில் ஊர் சுற்றலாம் என்று மனைவியிடம் சொல்லி, பழைய கேரவன் ஒன்றை வாங்கி வீட்டின் பக்கவாட்டில் நிறுத்தினார். ஊர் சுற்றும் எண்ணம் அவருக்கும் இல்லை, அந்த வண்டியின் டயர்களுக்கும் இல்லை.

ஒரு பிளக் பாயிண்ட் மட்டும்தான் குறை. அதற்காகச் சமையலறை ஜன்னல் வழியே எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்திருந்தார்.

"என்னங்க, துணியெல்லாம் உள்ளயே ஊறிக்கிட்டிருக்கு" என்றாள் மனைவி. "உங்க வண்டி கிளம்பறதுக்குள்ள அதை வெளிய எடுக்க முடியுமா?"

சமையலறை லைன் தாங்காது என்று அதிகாரி முடிவு செய்தார். மாமனார் அறைக்கு வேறு லைன். அங்கே எட்டிப் பார்த்தபோது ஒரு விநோதம். மாமனார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஏதோ புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் புத்தகத்தை மூடி, தொண்டையைச் செருமி, "வாங்க மாப்பிள்ளை" என்று முட்டிவலியில் ஆரம்பித்தார். அங்கிருந்து பழைய முதலாளியின் கஞ்சத்தனத்துக்குப் போனார். என்னைப் பார்த்தால்தான் இந்த மனிதருக்கு வாய் நமநமக்கும் போலிருக்கிறது என்று நினைத்தபடி அதிகாரி பிளக்கைச் செருகிவிட்டு வெளியேறினார். மீந்த வயரை நெருக்கமாகச் சுருட்டி, பார்க்க நன்றாயில்லையே என்று அறை வாசல் மிதியடிக்குக் கீழே மறைத்து வைத்தார்.

ஏசி ஓடியது. வீடும் ஓடியது. அதிகாரி நாவலைத் திறந்து, யார் யாருக்கு அண்ணன் என்று நினைவுபடுத்திக்கொள்வதற்குள் மிதியடி புகைய ஆரம்பித்தது.

பிளக்கைப் பிடுங்கியவர் மாமனார். பிடுங்கிய கையோடு அதைப் பல பேருக்கு ஃபோனில் சொன்னார். ஒவ்வொரு முறையும் புகை கொஞ்சம் கூடியது.

அதிகாரி மனம் தளரவில்லை. லோடு கூடினால் கரண்டைத் துண்டிக்கிற சின்ன பிரேக்கர் விழுந்துவிடுகிறது என்றால் பெரிய பிரேக்கர் போட்டால் சரியாகிவிடும். கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிதாக ஒன்று வாங்கி வந்தார். அதற்குள் மனைவி எலக்ட்ரீஷியனை வரவழைத்திருந்தாள். அவர் புதுப் பிரேக்கரைக் கையில் வாங்கி, யாரோ பெற்ற குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"இதைப் போட்டா விழவே விழாது சார்."

"அதுக்குத்தான் வாங்கினேன்."

"இது விழாம இருந்தா, சுவத்துக்குள்ள இருக்கற வயர் எரியும். அப்புறம் வீடு எரியும். வயரைக் காப்பாத்தத்தான் பிரேக்கர், உங்க ஏசியைக் காப்பாத்த இல்ல."

அதிகாரி பதில் சொல்லவில்லை. முக்கியமான நேரத்தில் பதில் சொல்லாமல் இருப்பதில் அலுவலகம் அவருக்கு நல்ல பயிற்சி கொடுத்திருந்தது.

எலக்ட்ரீஷியன் பேசிக்கொண்டே போனார். மெயின் போர்டிலிருந்து கேரவனுக்கென்று தனி லைன் வர வேண்டும். அது இழுக்கும் கரண்டுக்கு ஏற்ற தடிமனான கேபிள் வேண்டும். அந்தக் கேபிளுக்குப் பொருத்தமான பிரேக்கர் வேண்டும். கரண்ட் கசிந்தால் கண்ணிமைப்பதற்குள் விழுகிற இன்னொன்று வேண்டும். வெளியில் மழைத் தண்ணீர் போகாத பெட்டி வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டுப் போர்டைத் திறந்தவர், வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எர்த் வயர் பச்சையா, அழகா சுவத்துக்குள்ள போகுது சார். அதுக்கப்புறம் எங்கயும் போகல."

இத்தனை வருடங்களாக அந்த வீடு எதன் தயவில் நின்றது என்று அவருக்கே புரியவில்லை. மண்ணில் எர்த் கம்பி இறக்கி, எல்லாவற்றையும் சரிபார்க்கும்வரை வீட்டுக்குக் கரண்ட் தர முடியாது என்று மெயினை இறக்கிப் பூட்டிவிட்டார்.

கேரவனில் மட்டும் அதன் சொந்த பேட்டரியில் விளக்கும் சின்ன ஃபேனும் ஓடின. ஆகவே குடும்பம் கேரவனுக்குக் குடிவந்தது. ஊறிய துணி அலமாரிக் கைப்பிடிகளில் தொங்கியது. அதிகாரியின் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்தார். அதிகாரியின் நாவல் மேல் மாமனாரின் கால் உட்கார்ந்தது. ஸ்பீக்கரில் நண்பர் கத்த, இவரும் கத்தினார்: "நீளம் சரி, அகலம் சொல்லுப்பா. இங்க நுழையுமா?" நம் வண்டியைப் பற்றித்தான் ஊரெல்லாம் பெருமையடிக்கிறார் என்று அதிகாரி காதில் பஞ்சை வைத்துக்கொண்டார்.

வீட்டுக்குள் போகலாம் என்றால் அங்கே எலக்ட்ரீஷியன் உளியால் சுவரைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கும் வண்டிக்கும் நடுவில், சுவரோரமாக, அதிகாரி நாவலோடு நின்றார். புகார் செய்யலாம் என்றால் அந்தப் பதவியிலும் அவரே இருந்தார்.

மாமனார் வேலையை மேற்பார்வை பார்க்க ஆரம்பித்ததும் வேலை இன்னும் நீண்டது. அவர் எலக்ட்ரீஷியனோடு ஓரமாக நின்று என்னவோ பேசுவார்; அதற்குப் பிறகு கேபிள் இன்னும் தடிமனாகும். கடைசியில் சுவரில் ஏறிய பெட்டியில், மூடி போட்ட பிளக் பாயிண்ட்கள் இரண்டு இருந்தன.

"ரெண்டு எதுக்கு?"

"பெரியவர் வைக்கச் சொன்னாரு" என்றார் எலக்ட்ரீஷியன். "ரெண்டுக்கும் தனித்தனி பிரேக்கர். பயமே இல்ல."

ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கட்டும் என்று கிழவர் யோசித்திருப்பார். அதிகாரி மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

எலக்ட்ரீஷியன் மீட்டரை வைத்துப் பார்த்தார், விளக்கு வைத்துப் பார்த்தார், சோதனைப் பொத்தானை அழுத்தினார். பிரேக்கர் டக்கென்று விழுந்தது. மறுபடி ஏற்றிவிட்டு, இனி ஆயுசுக்கும் கவலையில்லை என்றார். வீட்டில் ஃபேன் சுற்றியது. வாஷிங் மெஷினுக்கு உயிர் வந்தது. மனைவி துணிகளை அள்ளிக்கொண்டு போனாள். மாமனாரும் போனார்.

அதிகாரி கேரவன் கதவைச் சாத்தினார். ஏசி மெல்ல முனகியது. நாவலைத் திறந்தார். ஒரு பக்கம் போயிற்று. இன்னொரு பக்கம் போயிற்று.

வீட்டிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஸ்பீக்கர் இல்லை, முட்டிவலி இல்லை, முதலாளி இல்லை. இத்தனை காலம் ஏங்கிய அமைதி இதுதானா என்று தோன்றியது. கதவுகளைச் சாத்திவிட்டார்கள் போலும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு மூன்றாம் பக்கத்தைப் புரட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ உரசியது. எலக்ட்ரீஷியன் இன்னும் போகவில்லை. கேரவனை ஒட்டிய காலி இடத்தில் குனிந்து டேப்பை விரித்துக்கொண்டிருந்தார். அதிகாரி தலையை நீட்டி, அங்கே என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டார்.

"பெரியவரோட கேரவன் நாளைக்கு வருது சார். நீங்க வாயே திறக்க மாட்டேங்கறீங்களாம். வீடு வெறிச்சுனு கெடந்தா பொண்ணு சங்கடப்படுமேன்னு, உங்க பங்கையும் சேத்து அவரே இத்தனை வருஷமா பேசிட்டிருந்தாராம். இனிமேலாவது அவரும் கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா படிக்கணுமாம்."