ஒத்தைப் பைசா போடாதவர்

ஓசிச் சேகரிப்பாளர் என்று ஓர் இனம் இருக்கிறது. பயப்படாதீர்கள், கடிக்காது. உங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருப்பார், உங்கள் மாமனார் வீட்டில் ஒருவர் இருப்பார், பல் டாக்டரின் வரவேற்பறையில் தன் பெயரை மூன்று தடவை கூப்பிட்டும் எழுந்திருக்காமல் போனைத் தடவிக்கொண்டிருந்தாரே, அவரும் அந்த இனம்தான். போனில் சீட்டு ஆடுவார்கள். காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை, அவ்வளவு துணிச்சல் அவர்களுக்குக் கிடையாது. இது படச்சீட்டு. டிராகன், மந்திரவாதி, வாள் பிடித்த தவளை என்று நூற்றுக்கணக்கான சீட்டுகளைச் சேர்த்து, அதில் ஒரு நாற்பதை எடுத்து, முகம் தெரியாத யாருடைய சீட்டுகளோடோ மோதவிடுகிற ஆட்டம். பொறுமையில்லாதவர்கள் காசைக் கொட்டிப் பாக்கெட் பாக்கெட்டாக வாங்கிப் பிரித்துவிடுவார்கள். நம் இனம் அப்படிச் செய்யுமா? தினமும் உள்ளே நுழைந்தால் ஒன்று, மூன்று ஆட்டம் ஜெயித்தால் ஒன்று, விளம்பரம் பார்த்தால் கால் என்று இலவசமாக வருவதை மட்டுமே பொறுக்கிப் பொறுக்கிச் சேர்க்கும். சேர்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லும்.

"நான் இதுல ஒத்தப் பைசா போட்டதில்ல!"

நாம் பார்க்கப்போகிறவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். சந்து முனையில் சின்னக் கடை. ஒரு சுவர் முழுக்க பிரேம்கள், எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை, நடுவில் சுழல் நாற்காலி, நாற்காலிக்குப் பின்னால் அவர், அவர் கையில் போன். வாடிக்கையாளருக்குப் பலகை தெரியும், இவர் தெரியமாட்டார். இதைவிட வசதியான தொழில் அந்த இனத்துக்கு வேறு எது? போன வாரம் ஒரு தையல்காரம்மா வந்தார். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று குறை.

"நாலாவது வரி தெரியுதாம்மா?"

"மங்கலா இருக்குங்க."

"அட்டகாசம்!"

"மங்கலா இருக்குன்னு சொன்னேங்க."

"ஆங்... சரி, அஞ்சாவது வரி படிங்க."

"நாலாவதே தெரியல, அஞ்சாவது எப்படிங்க தெரியும்?"

அதற்குள் தவளை ஜெயித்துவிட்டது, அன்றைய கணக்கில் ஒரு வெற்றி ஏறிவிட்டது. அந்த அம்மாவுக்குத் தவறான லென்ஸைப் போட்டுக் கொடுத்து, மறுநாள் அவர் வந்து சத்தம் போட, தன் கைக்காசில் வேறு லென்ஸ் போட்டுக் கொடுத்தார். அதை ஆட்டத்துச் செலவில் சேர்க்கலாமா என்று கேட்டால் கோபம் வரும். அது கடைச் செலவு. தட்டித் தட்டி உடைந்துபோன போன் கண்ணாடியை மாற்றியது போன் செலவு. விளம்பரத்துக்குக் கால் பாக்கெட் வீதம் ஒரே தரைத் துடைப்பானின் விளம்பரத்தை இருநூறு தடவை பார்த்து, கடைசியில் மனம் இளகி அந்தத் துடைப்பானை வாங்கியே விட்டாரே, அது வீட்டுச் செலவு. ஆட்டத்தில் அவர் ஒத்தைப் பைசா போட்டதில்லை.

அவர் ஆடுகிற அழகையும் பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்தில் ஒரு போட்டி உண்டு. சேர்த்து வைத்த நாணயத்தைக் கட்டி உள்ளே போனால், எட்டுப் பேர் முன்னால் சீட்டுகளை வைப்பார்கள். ஆளுக்கொன்றாகப் பொறுக்கி, பொறுக்கியதை வைத்தே மோத வேண்டும், பொறுக்கியது நமக்கே சொந்தம். மற்ற ஏழு பேரும் ஜெயிக்கிற சீட்டாகப் பார்த்து எடுப்பார்கள். இவர் தன்னிடம் இல்லாத சீட்டாகப் பார்த்து எடுப்பார். நொண்டிக் குதிரை, தூங்குமூஞ்சிக் காவலாளி, ஓட்டைப் படகு எல்லாம் இவர் பங்குக்கு வந்து சேரும். மூன்றே நிமிடத்தில் உதை வாங்கி வெளியே வருவார். வரும்போது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. ஓட்டைப் படகு கிடைத்துவிட்டதே!

இப்படி இரண்டரை வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டில் நானூற்றுப் பதினொன்று சேர்த்துவிட்டார். பாக்கி ஒன்று. முக்கண் நத்தை. நத்தை கிடைக்கவில்லையே என்று பாவப்படாதீர்கள். அவரிடம் ஏழு வைல்டு கார்டுகள் சும்மா கிடக்கின்றன. வைல்டு கார்டு என்றால் எந்தச் சீட்டாக வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், நத்தை வந்து நிற்கும். பிறகு ஏன் அமுக்கவில்லை? நாளைக்கே பாக்கெட்டில் நத்தை வந்துவிட்டால்? ஒரு வைல்டு கார்டு வீணாகிவிடாதா? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பதினொரு மாதம் ஓட்டிவிட்டார்.

அடுத்து ஆள் பிடிப்பது. புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டால் பாக்கெட் உண்டு, அந்த நபர் தினமும் ஒரு பரிசும் அனுப்பலாம். எனவே மச்சான் போன், மாமியார் போன், கடைக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் போன் எல்லாவற்றிலும் அந்த ஆட்டம் குடியேறியது. மாமியாருக்குத் தன் போனில் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாப்பிள்ளை வரும்போதெல்லாம் போனை வாங்கிப் பார்க்கிறாரே, நம்மீது எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

மனைவி போனில்தான் கதை மாறியது. அவர் பஸ் நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காக்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். நாள் முழுக்கக் குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் சாப்பாட்டு டப்பாக்களுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டு வருகிறவருக்கு, பரிசு அனுப்புவதற்காகத் திறந்த ஆட்டம் பிடித்துப்போனது. படம் நன்றாக இருக்கிறது என்று ஒரு பூனையை எடுத்தார். பூனைக்குத் துணையாக இன்னும் மூன்று பூனை. வைல்டு கார்டு வந்த அன்றே அமுக்கினார், பிடிக்காத சீட்டுகளை உடைத்துப் பொடியாக்கிப் பிடித்ததைச் செய்துகொண்டார். தொகுப்பு என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஜெயித்துக்கொண்டே இருந்தார். ஜெயித்தால் வாய்விட்டுச் சிரிப்பார். தோற்றாலும் சிரிப்பார்.

சிரித்துவிட்டுக் கணவர் பக்கம் திரும்புவார்.

"ஏங்க, நாம ரெண்டு பேரும் ஒரு ஆட்டம் ஆடலாமா?"

"நமக்குள்ள ஆடினா எதுவும் கணக்குல சேராதும்மா. பாக்கெட் கிடையாது, நாணயம் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"ஆட்டம் கிடைக்குமே?"

அவருக்கு அந்தப் பதில் விளங்கவில்லை. மனைவிக்கு இன்னும் ஆட்டத்தின் நுணுக்கம் பிடிபடவில்லை என்று மனசுக்குள் வருத்தப்பட்டுக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை, துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்னார். "திங்கக்கிழமையிலேர்ந்து எனக்குச் சாயங்கால ஷிப்ட். மூணு மாசத்துக்கு. நான் வீட்டுக்கு வரும்போது நீங்க தூங்கிட்டிருப்பீங்க. நாளைக்கு அஞ்சு மணிக்கு ஒரே ஒரு ஆட்டம் ஆடிடுவோமா?"

மூன்று மாதம் என்றதும் அவர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வந்தால் வீட்டில் விளக்கு எரியும், டீ இருக்கும், சிரிப்புச் சத்தம் இருக்கும். அது இல்லாத வீட்டை அவர் யோசித்துப் பார்த்ததில்லை. "ஆடுவோம்மா, கண்டிப்பா" என்றார். மனசாரத்தான் சொன்னார், அதில் சந்தேகம் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்குப் போன் டிங் என்றது. சிறப்புப் போட்டி. ஐந்திலிருந்து ஆறு மணிக்குள் ஐந்து ஆட்டம் ஜெயிப்பவருக்கு முக்கண் நத்தை. இலவசம்!

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததுமே மனைவிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வாங்கிப் படித்துப் பார்த்தார்.

"இவ்வளவுதானே? அதான் ஏழு வைல்டு கார்டு வச்சிருக்கீங்களே. ஒண்ணை அமுக்குங்க, நத்தை வந்துடும். அமுக்கிட்டு வாங்க, ஆடலாம்."

நியாயமான பேச்சு. அவர் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. இலவசமாகக் கிடைக்கப்போகிற நத்தைக்கு ஒரு வைல்டு கார்டைக் கொடுப்பதா? அந்த வைல்டு கார்டும் இலவசமாக வந்ததுதானே என்று கேட்கிறீர்களா? உங்களுக்கு அந்த இனத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை.

"ஆறு மணிக்கு வச்சுக்கலாமாம்மா?"

"சரி" என்றார் மனைவி. மனைவிமார் சொல்லும் சரியில் ஏழெட்டு வகை உண்டு. அவர் காதில் விழுந்தது அதில் நல்ல வகை.

படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. ஆட்டத்துக்கு நாற்பது நல்ல சீட்டு வேண்டும், இவரிடம் வகைக்கு ஒன்றாக ஒரு கண்காட்சிதானே இருக்கிறது? மூன்றாவதில் ஓட்டைப் படகு மூழ்கப்போகிற நேரத்தில் திரையில் ஒரு வரி வந்தது: எதிராளி வெளியேறிவிட்டார். வெற்றி! அடுத்த ஆட்டத்திலும் எதிராளி வெளியேறிவிட்டார். இடையில் இரண்டு தோல்வி, மறுபடியும் வெளியேறிவிட்டார், மறுபடியும், மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாருங்கள், எந்தெந்த வீட்டிலோ யார் யாரோ கூப்பிட, கூப்பிட்டதும் எழுந்து போய்விட்ட ஐந்து பேரின் தயவில் அவர் ஐந்து ஆட்டம் ஜெயித்தார். "ஏன்தான் இப்படிப் பாதியில விட்டுட்டு ஓடறாங்களோ" என்று அவர்களை நினைத்துப் பரிதாபப்படவும் செய்தார்.

ஐந்து ஐம்பத்தாறுக்கு நத்தை வந்தது. திரையில் மத்தாப்பு. தொகுப்பு நிறைவடைந்தது, வாழ்த்துகள்! அவர் நத்தையைப் பார்த்தார். அது ஒரு நத்தை. கண் மூன்று. கீழே சின்ன எழுத்தில், வரும் புதன்கிழமை முந்நூற்று எண்பது புதிய சீட்டுகள் வெளியாகின்றன என்று போட்டிருந்தது.

ஆறு மணிக்குச் சரியாகக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். மனைவி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்தார்.

"கிடைச்சிடுச்சும்மா! ஒத்தப் பைசா போடாம! வா, ஆடலாம். போனை எடு."

"ஆட்டத்தை எடுத்துட்டேங்க."

"எடுத்துட்டியா? அப்ப வா."

"போன்லேர்ந்தே எடுத்துட்டேன். அஞ்சேகாலுக்குத் திறந்தேன். புதுசா ஏதோ ஏத்தணும், இடம் இல்லன்னு சொல்லிச்சு. ஒண்ணு நம்ம போட்டோவையெல்லாம் அழிக்கணும், இல்லன்னா ஆட்டத்தை அழிக்கணும். ஆட்டத்தை அழிச்சுட்டேன்."

"பரவாயில்ல, கணக்கு இருக்கும், திரும்ப ஏத்திக்கலாம்..."

"கணக்கையும் அழிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்கிட்டேன்."

இப்போது அவரை உற்றுப் பாருங்கள். முதலில் வந்த அதிர்ச்சி: "உன்கிட்ட வெள்ளிப் பூனை இருந்துதே, அதுவுமா போச்சு?" அடுத்து வந்தது: "அப்ப எனக்குத் தினம் வர்ற பரிசு?" மூன்றாவது அதிர்ச்சி வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. நாளைக்கு இந்த நேரம் இந்த நாற்காலி காலியாக இருக்கும், நாளை மறுநாளும் அப்படித்தான். அது உறைத்ததும் அவர் எதிரில் உட்கார்ந்தார்.

மனைவி மடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். சாதாரணச் சீட்டுக்கட்டு.

"கீழ ஸ்டேஷனரிக் கடையில வாங்கிட்டு வந்தேன். காசு குடுத்து."

"எத்தனை சீட்டு?"

"அம்பத்திரண்டு."

"எல்லாமே இருக்கா?"

"எல்லாமே இருக்கு."

"முதல் நாளே?" என்றார். கேலி செய்யவில்லை, மனுஷர் உண்மையிலேயே அசந்துபோய்விட்டார்.

மனைவி கலைத்துப் போட்டார். முதல் ஆட்டத்தில் அவர் தோற்றார். இரண்டாவதிலும் தோற்றார். மூன்றாவதில் ஏமாற்றப் பார்த்துப் பிடிபட்டு, மனைவி சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. படுக்கையறையில் போன் டிங் என்றது. அவர் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

"போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இருக்கேன்."

"வேண்டாம், நீ போடு" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, அடுத்த மூன்று சுற்றுக்கு மேஜைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. திருந்திவிட்டார் என்று அவசரப்பட்டு மாலை போட்டுவிடாதீர்கள். புதன்கிழமை அவர் கடைப்பக்கம் போனவர்கள், எழுத்துப் பலகையை வெகுநேரம் படித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இப்போது ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குப் போனை அணைத்து பீரோவில் வைத்துவிடுகிறாராம். இதுவரை இரண்டு ஆட்டம் ஜெயித்திருக்கிறார்.

நீங்கள் அவரைப் பார்த்து நன்றாகவே சிரித்தீர்கள். படச்சீட்டு ஆடுகிற பழக்கம் உங்களுக்கு இல்லை, சரி. நடைக்கணக்குக் கடிகாரத்தில் இன்னும் நானூறு அடி பாக்கி என்று கட்டிலைச் சுற்றி வருவது நீங்கள் இல்லை, புள்ளி சேருமே என்று தேவையில்லாத ஷாம்பூவைக் கூடையில் போட்டதும் நீங்கள் இல்லை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதை நீங்கள் படிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்கள். "இதோ, ரெண்டே நிமிஷம்" என்றீர்கள். அதற்கப்புறம் அவர்கள் கூப்பிடவே இல்லை, கவனித்தீர்களா?