நாலு வினாடி ரசிகர்

"நாலே வினாடிடா! அதுக்குள்ள நிறுத்திடறான்!" என்று நெட்டை தலையில் கைவைத்தான்.

நெட்டை கிட்டார் வாசிப்பவன். அவர்களுடைய ராக் குழுவின் முதல் ஆல்பம் வெளியாகிப் பத்து நாளாகிறது. எட்டுப் பாட்டையும் சொந்த வலைத்தளத்தில் ஏற்றியிருந்தார்கள். உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரே ஒரு போன் மட்டும் முதல் பாட்டைத் தினம் நாற்பது தடவை போட்டது. நாற்பது தடவையும் நாலாவது வினாடியில் நிறுத்தியது.

"யாரோ வேலைவெட்டி இல்லாதவன். விட்டுத் தொலை," என்றான் பாடகன்.

நெட்டையால் விட முடியவில்லை. டிரம்ஸ் வாசித்த டமாரம், ரெக்கார்டிங் முடிந்த மூன்றாம் வாரமே விபத்தில் போய்விட்டான். பேரில்தான் டமாரம், வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல இருப்பான். "இந்த இடியை என்னால தாங்க முடியலப்பா" என்று அவனுடைய அப்பா வீட்டைவிட்டு விரட்டியதால்தான் குழு இந்தக் கார் ஷெட்டில் வந்து விழுந்தது. ஆல்பம் வந்த அன்று அவருக்கும் அனுப்பினான் நெட்டை. பதில் இல்லை.

"அவன் வாசிச்சதை ஒரே ஒருத்தராவது முழுசாக் கேக்கணும்டா," என்றான் நெட்டை.

முதலில், பாட்டு தொடங்கும் இடத்தில் கிட்டாரின் சத்தத்தை இரண்டு மடங்காக்கி மறுபடி ஏற்றினான். ரசிகர் மூன்றரை வினாடியிலேயே ஓட்டம் பிடித்தார்.

அடுத்து, முதல் வினாடியிலிருந்தே கிட்டாரும் சேர்ந்து ஒலிக்கும்படி மாற்றினான். மறுநாள் எண்பது தடவை! பாடகன் டீ வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினான். டீ ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது: எண்பதும் நாலு வினாடிதான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிக்கொண்டிருந்தது. ரெக்கார்டிங் செய்தவரிடம் போய் நின்றான்.

"ஆரம்பத்துல 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு'ன்னு எண்ணறது நீங்க எல்லாரும் ஒண்ணா வாசிக்க ஆரம்பிக்கத்தான்," என்று அவர் கடிந்துகொண்டார். "அதைப் போய் ஆல்பத்துல யாராவது வெப்பாங்களா? அப்பவே வெட்டச் சொன்னேனே!"

"டமாரம் எண்ணினது சார். மனசு வரலை."

"கேக்கறவனுக்குப் பாட்டு வேணும் தம்பி. உன் மனசு எதுக்கு?"

நியாயமாகத்தான் பட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெட்டினான். இப்போது பாட்டு எடுத்த எடுப்பில் டிரம்ஸோடு அதிர்ந்தது.

மறுநாள் ரசிகர் மூன்று தடவை வந்தார். அதற்கடுத்த நாள் ஒரே ஒரு தடவை. அப்புறம் வரவே இல்லை. டமாரத்தை இரண்டாம் முறை சாகடித்துவிட்டது போல இருந்தது நெட்டைக்கு.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஷெட் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் டமாரத்தின் அப்பா. இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத மனிதர், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்த இரைச்சலெல்லாம் எனக்கு இன்னும் புரியலப்பா," என்றார் தயங்கியபடி. "போன்ல ஏதோ கோளாறு போல, கொஞ்சம் பாத்துக் கொடேன். மூணு நாளா என் பையன் எண்ணவே மாட்டேங்கறான்."