வடக்குப் பார்த்து நின்ற மட்டக்குதிரை

ஊரில் ஜின் கிடையாது என்று நிரூபிக்க ஆசைப்படுகிறவர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் நிரூபிக்கலாம். மட்டக்குதிரையின் முதுகில் ஏறி மட்டும் நிரூபிக்கக் கூடாது. கால்நடை டிப்ளோமாவில் இந்தப் பாடம் இல்லை. நானாகப் படித்துக்கொண்டது.

அது எண்பதுகளின் தொடக்கம். டிப்ளோமா முடித்த கையோடு கல்முனையில் அரசாங்கக் கால்நடைக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரு வெள்ளை மேலங்கி, ஒரு வெப்பமானி, எதைக் கண்டாலும் ஒன்று இரண்டு மூன்று என்று பிரித்துப் பார்க்கும் ஒரு மூளை. இவைதான் அப்போது என் சொத்து. (கறியில் உப்புக் கூடினால் அதற்கான காரணங்களை இலக்கமிட்டுச் சொல்வேன். உம்மா அகப்பையைத் தூக்கியதும் பட்டியல் முடிந்துவிடும்.)

குதிரை என்னுடையதல்ல, நிந்தவூரில் வயல் செய்த என் மாமாவுடையது. மாமாவுடையது என்பதும் சரியில்லை. எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு மறுநாள் காலை, கடற்கரைத் தென்னைகள் எல்லாம் தலையில்லாமல் நின்றபோது, அவற்றின் நடுவே அது ஆறுதலாக நடந்து வந்ததாம். மன்னார்ப் பக்கத்து நாட்டுச் சாதி, மாமாவின் தோளுயரம்தான் இருக்கும். ஊரே கிழிந்து கிடக்க அதன் உடம்பில் ஒரு கீறலும் இல்லை. மாமா விசாரித்துப் பார்த்தார். யாரும் தேடி வரவில்லை. சுல்தான் என்று பெயர் வைத்துத் தன் வளவில் கட்டிக்கொண்டார்.

சுல்தான் கடிக்காது, உதைக்காது. நிற்கும். அந்த நிற்பதுதான் பிரச்சினை.

அந்திப்பட்டதும் எங்கே நின்றாலும் அது வடக்குப் பக்கம் திரும்பும். நான்கு கால்களையும் சதுரமாக வைத்துக் கழுத்தை நிமிர்த்திக்கொள்ளும். பிறகு அதன் இடப்பக்கம் மெல்லத் தாழும், அங்கவடியில் யாரோ காலை ஊன்றி இறங்கப்போவதைப் போல. அப்படியே இருட்டும்வரை நிற்கும். இழுத்தாலும் அசையாது. ஒரு காது மட்டும் பின்னால் திரும்பியிருக்கும், முதுகில் இருப்பவர் ஏதோ சொல்வதைக் கேட்பதுபோல. முதுகில் ஒருவரும் இருக்கமாட்டார்.

மாமா வீட்டு ஒழுங்கையால் அந்தியில் போகிறவர்கள் காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டுக் கோழி முட்டையிடாமல் போனதும் சுல்தானின் கணக்கில் சேர்ந்தது. கடைசியில், வெள்ளாமை வெட்ட வருகிறவர்கள் மாமாவின் வளவுக்குள் கால் வைக்க மறுத்தார்கள். மாமா ஒரு லொறியை வாடகைக்குப் பேசினார். மேற்கே, காட்டுப் பக்கத்தில் யாரோ ஒருவரிடம் சுல்தானைக் கொண்டுபோய் விடுவது என்று முடிவு. அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சுல்தானின் பிடரியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மாமா, அது ஜின் இல்ல, பழக்கம். பழக்கத்தப் பயிற்சியால மாத்தலாம்."

"அப்ப மாத்திக் காட்டுங்க மகள். சனமெல்லாம் பாக்கிற இடத்தில அது சொன்ன சொல்லுக் கேட்டு நடக்கட்டும். நடந்தா நம்மட வளவிலயே கெடக்கட்டும். இல்லாட்டி அண்டைக்கே லொறியில ஏத்திருவன்."

சனமெல்லாம் பார்க்கிற இடம் ஒன்று கைவசம் இருந்தது. எங்கள் கந்தோர் டொக்டர் வெளிநாட்டில் படித்தவர். அங்கே குதிரைகள் எழுத்துகள் நட்ட ஒரு சிறு மைதானத்தில், சத்தமும் சவுக்கும் இல்லாமல், வட்டமும் வளைவுமாக நடந்து காட்டும் போட்டியைப் பார்த்து மயங்கி வந்திருந்தார். அதற்கு ட்ரெஸாஜ் என்று பெயர். அந்த வருட விவசாயக் கண்காட்சியில் நாட்டு மட்டக்குதிரைகளுக்கு அப்படியொரு போட்டி வைப்பது என்று அவர் பிடிவாதமாக நின்றார். விளம்பரத்தில் 'குதிரை நடைப் போட்டி' என்று போட்டார்கள். மூன்று குதிரைகள் பெயர் கொடுத்தன.

பயிற்சி நிந்தவூரில், அறுவடை முடிந்த ஒரு சூடடிக்கும் களத்தில் நடந்தது. மண்ணெண்ணெய்த் தகரங்களில் சுண்ணாம்பால் அ, ஆ, இ என்று எழுதிச் சுற்றிவர வைத்தேன். சவாரிக்கு மாமாவின் மகன் றபீக். (எனக்கு மச்சான், நான் அவனுக்கு மச்சி. பேச்சில் புலி. பல்லி விழுந்தால் கட்டிலில் ஏறிவிடும் புலி.) நான் நடுவில் நின்று டொக்டரின் புத்தகத்தைப் பார்த்துக் கட்டளை சொல்வேன்.

கற்றுக்கொள்கிற மிருகம் பிழை விடும். பிழையிலிருந்துதான் பயிற்சி தொடங்குகிறது. சுல்தான் பிழையே விடவில்லை. முதல் நாளே, ஒவ்வொரு காலையும் தூக்கி, ஒரு கணம் காற்றில் வைத்து, பிறகு ஊன்றியது. அதன் இருபுறமும் ஆட்கள் நடந்து வருவதுபோல நிதானமாகப் போனது. நான் புளகாங்கிதம் அடைந்தேன். என் கற்பித்தல் திறமைதான் இதற்குக் காரணம் என்று மனதுக்குள் முதலாம் இலக்கமிட்டேன். இரண்டாம் இலக்கம் தேவைப்படவில்லை.

நிறுத்தும்போது மட்டும் அது எந்த எழுத்தில் நின்றாலும் வடக்கே திரும்பித்தான் நின்றது.

"மச்சி," என்றான் றபீக் ஒருநாள், குதிரை மேலிருந்து, குரலைத் தாழ்த்தி. "நான் கடிவாளத்த இழுக்கல்ல. காலால தட்டவும் இல்ல. இது வேற ஆரோ சொல்றதக் கேக்குது."

"அதுக்குப் பேர்தான் நுட்பமான கட்டள. புத்தகத்தில இரிக்கி."

"நான் குடுக்காத கட்டள எப்பிடி மச்சி நுட்பமாகும்?"

பதில் இல்லாத கேள்விகளை நான் அந்த வயதில் அறியாமை என்ற தலைப்பின் கீழ் போட்டுவிடுவேன். போட்டேன்.

போட்டி கல்முனைக் கடற்கரை மைதானத்தில், அஸர் தொழுகைக்குப் பிறகு. மாமா பேசிய லொறியும் வந்து மைதானத்தின் ஓரத்தில் நின்றது, பின்கதவைத் திறந்தபடி. சுல்தானைக் கொண்டுவந்து நிறுத்தினோம். அது தலையை உயர்த்தி, ஒரு சுற்றுச் சுற்றி, தெற்கே பார்த்து நின்றது.

"மாமா, பாத்தீங்களா? வடக்குப் பைத்தியம் போயிற்று!" என்று கத்தினேன். (நிந்தவூரில் நின்றால் வடக்கு, கல்முனையில் நின்றால் தெற்கு. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டிருக்கும். டிப்ளோமாக்காரி கேட்கவில்லை.)

காரைதீவிலிருந்து வந்த குதிரை நேரே டொக்டரின் மேசைக்குப் போய்ப் பூச்சாடியைக் காலி செய்தது. நாவிதன்வெளிக் குதிரை நெல்மூட்டை ஏற்றிப் பழகியது. அது எந்த எழுத்துக்குப் போனாலும் பின்பக்கமாகத் திரும்பி நின்று சுமைக்குக் காத்திருந்தது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்தது நாங்கள்.

றபீக் ஏறினான். ஏறிய வேகத்தில் மற்றப் பக்கத்தால் இறங்கினான்.

"ஏலாது மச்சி. நான் ஏறுறத்துக்கு முதலே சேணம் சூடா இரிக்கி."

"வெயில்ல நிண்டா சேணம் சுடாம என்ன செய்யும்?"

"நிழல்லதானே வெச்சிருந்த!"

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். மாமா லொறியைப் பார்த்தார். பிறகு சுல்தானைப் பார்த்தார். நான் இரண்டையும் பார்க்காமல் ஏறிவிட்டேன். பயிற்சிக் கல்லூரியில் கொஞ்சம் ஏறிப் பழகியிருந்தேன். ஆனால் அது மலைநாடு. இங்கே ஊர்ச் சனம் முழுவதும் கயிற்றுக்கு வெளியே நின்றது. "அல்லாவே, பொம்புளப் புள்ள!" என்று ஒரு குரல் எழுந்தது. கடற்காற்று முக்காட்டைப் பறிக்கப் பார்த்தது. அதைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். வெள்ளை மேலங்கி, வெள்ளைத் துணி சுற்றிய தலை. தூரத்திலிருந்து பார்க்க எப்படி இருந்திருப்பேன் என்று யோசிக்க நேரமிருக்கவில்லை.

சேணம் சூடாகத்தான் இருந்தது.

சுல்தான் நடந்தது. வட்டம், வளைவு, குறுக்குக் கோடு. நான் கட்டளை நினைக்குமுன் அது செய்து முடித்தது. சனத்தின் சிரிப்பு நின்றுபோயிற்று. டொக்டர் எழுந்து நின்றார். கடைசி நிறுத்தம். தெற்கே பார்த்து, நான்கு காலும் சதுரமாக. நான் தலைதாழ்த்தி மரியாதை செய்தேன். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

சுல்தான் கயிற்றைத் தாண்டி நடந்தது.

புத்தகத்தில் சொன்னபடி எல்லாம் செய்தேன். முதலில் கடிவாளம். அடுத்தது உடல் பாரத்தைப் பின்னே தள்ளுதல். மூன்றாவது, உறுதியான குரல். நான்காவதாகக் கலிமாவையும் சொன்னேன் (இது புத்தகத்தில் இல்லை). அது ஓடியிருந்தால் குதித்திருப்பேன். அது ஓடவில்லை. அதே நடை, அதே நிதானம். கடலோரமாக, மொட்டைத் தென்னைகளுக்கு ஊடாகத் தெற்கே போனது. வெறும் மணலில் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கியது. ஓரிடத்தில் நின்று, முன்னால் போகிறவர்கள் நகரக் காத்திருந்து, மறுபடி நடந்தது. முன்னால் யாரும் இல்லை.

காது கேட்டதை மட்டும் எழுதுகிறேன். தூரத்தில் றபான் மேளம் அடிக்கும் சத்தம் இருந்தது. கடல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சுல்தான் அந்தச் சத்தத்துக்குக் கால் வைத்துக்கொண்டிருந்தது.

பின்னால் சனம். சனத்துக்குப் பின்னால் சைக்கிளில் மாமா. அவருக்கும் பின்னால், ஏற்றவேண்டிய சரக்கைத் தொடர்ந்து, லொறி.

கல்முனைக்கும் நிந்தவூருக்கும் நடுவிலுள்ள சாய்ந்தமருதில், கடலைப் பார்த்த ஒரு வீட்டின் முன் சுல்தான் நின்றது. கூரை இல்லாத சுவர்கள் மட்டும் நின்றன. பக்கத்தில் ஒரு சிறிய ஓலை வீடு. வளவு வாசலின் கடப்படிக்கு நேரே சுல்தான் சதுரமாக நின்று, இடப்பக்கத்தைத் தாழ்த்தியது. நான் வழுக்கிப் பாதி இறங்கித் தொங்கினேன். இந்த முறை காத்திருந்தது நானும்தான்.

ஓலை வீட்டிலிருந்து ஒரு நடுத்தர வயதுப் பெண் வந்தார். பிறகுதான் தெரியும், அவர் பெயர் சபியா உம்மா. அவர் என்னைப் பார்க்கவில்லை. குதிரையையே பார்த்தார். பிறகு சாதாரணக் குரலில் கூப்பிட்டார்.

"கலீல்! செம்பில தண்ணி கொண்டாடா. மாப்புள்ள வந்து நிக்காரு."

லொறியின் கதவு திறந்தது. இறங்கி வந்த சாரதி அவருடைய மகன். மீசை வைத்த, ஆறடி ஆள். கிட்ட வந்து முதன்முறையாகச் சுல்தானின் முகத்தைப் பார்த்தவன் அப்படியே நின்றான்.

"உம்மா... இது அந்தக் குதிர."

"தெரியும். தண்ணியக் கொண்டா."

"மேல இரிக்கிற கந்தோர் மிஸ், உம்மா!"

"ஆரா இருந்தா என்ன. குதிரையில கடப்படிக்கு வந்தா மாப்புள்ளதான். கால நீட்டுங்க மகன்."

"மகள்," என்றேன்.

"நீட்டுங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் வாழ்வார். ஊர்வலமாக வருகிறவரின் காலைக் கடப்படியில் பெண்ணின் தம்பி கழுவுவான். மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போட்டுவிட்டு உள்ளே போவார். சபியா உம்மாவின் மகளுக்கு அந்தச் சூறாவளி நாளில்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் மன்னார்க் குதிரை ஒன்றை அமர்த்தியிருந்தார்கள். றபானுக்கு மிரளக் கூடாதென்று முதல்நாள் அந்தியில் அதை இந்தக் கடப்படிவரை நடத்திவந்து, கலீலைக் கொண்டு தண்ணீரும் ஊற்ற வைத்து, ஒத்திகை பார்த்தார்கள். மறுநாள் ஊர்வலம் பாதி வழியில் வரும்போது காற்றுப் பிடித்தது. மாப்பிள்ளை குதித்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குள் ஓடித் தப்பினார். கல்யாணம் பிறகு அகதி முகாமில் ஊர்வலமில்லாமல் நடந்தது. மகளும் மருமகனும் சுகமாக அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார்கள். குதிரைக்காரன் மன்னாருக்குப் போனவன் திரும்பவில்லை.

குதிரை மட்டும் வந்து சேர்ந்திருக்கவில்லை.

கலீல் என் சப்பாத்தைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினான். கடைசித் துளி விழுந்ததும் சுல்தான் ஒரு மூச்சு விட்டது. நான் அதன்பிறகு எத்தனையோ மிருகங்களுடன் இருந்திருக்கிறேன். அவ்வளவு நீண்ட மூச்சை எதனிடமும் கேட்டதில்லை. கழுத்துத் தொங்கியது. காது இரண்டும் முன்னால் வந்தன. குனிந்து, கடப்படிப் புல்லை மேயத் தொடங்கியது. றபான் சத்தமும் இல்லை. கடல் மட்டும் இருந்தது, தாளமில்லாமல்.

"மோதிரம்," என்றான் கலீல், வெட்கத்தோடு, விரலை நீட்டியபடி. என் மெல்லிய தங்க மோதிரம் அவனுடைய சுண்டுவிரல் நுனியில் நின்றுவிட்டது.

அப்போதுதான் மாமா மூச்சிரைக்க வந்து சைக்கிளைப் போட்டார்.

"சொன்ன சொல்லுச் சொல்லுதான் மகள். மைதானத்த விட்டு வந்திட்டு. கலீல், ஏத்துங்க தம்பி."

சபியா உம்மா குறுக்கே வந்து நின்றார்.

"எங்க ஏத்துற? வந்த மாப்புள்ள பொண்ணு வீட்டிலதான் இரிக்கிற. நம்மட ஊர்ல எந்த மாப்புள்ளய லொறியில திருப்பி அனுப்பின?"

மாமா திகைத்தார். "மாப்புள்ள எண்டா... குதிரையா, மேல இரிக்கிற புள்ளயா?"

"ரெண்டும்தான்."

முதலில் யாரோ ஒருவர் இருமினார். பிறகு சனம் முழுவதும் உடைந்து சிரித்தது. மைதானத்திலிருந்து ஊமையாக வந்த சனம் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தது. சிரித்த பிறகு ஒருவருக்கும் சுல்தானைப் பார்த்துப் பயப்பட முடியவில்லை. மாமா கடைசியாகத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுல்தானின் பிடரியில் முகத்தைப் புதைத்தார். லொறி வெறுமையாகப் போயிற்று. சுல்தான் சபியா உம்மாவின் வளவிலேயே தங்கியது. அதன்பிறகு ஒரு திசையையும் பார்த்து நிற்கவில்லை. மாமா கிழமைக்கு ஒருமுறை புல்லுக்கட்டோடு சம்பந்தி வீட்டுக்குப் போவதுபோலப் போய்வந்தார். இரண்டாவது மாப்பிள்ளையான நான் அன்றைக்குப் பாலும் பழமும் சாப்பிட்ட பிறகே விடுவிக்கப்பட்டேன். போட்டியாளர் கடைசி நிறுத்தத்தை வேறு ஊரில் செய்தபடியால் புள்ளி வழங்க இயலவில்லை என்று டொக்டர் மிகுந்த வருத்தத்தோடு அறிவித்தார்.

அடுத்த வருடம் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. வந்த பெரியவர் முறைப்படி, "புள்ளைக்கு வேற எங்கயும் பேச்சுக்கால் இரிக்கா?" என்று கேட்டார். உம்மா வாயைத் திறக்குமுன் உள்ளறையிலிருந்து றபீக்கின் குரல் கேட்டது.

"ஓம். சாய்ந்தமருதில ஒரு வீட்டில மாப்புள்ளயா இரிக்கா."

அந்தச் சம்பந்தம் நின்றுவிடவில்லை. ஆனால் இன்றும் நான் கோபத்தில் வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொன்னால், என் கணவர் புதினப் பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வார்:

"போங்க. அங்க உங்கட காலாவது கழுவி விடுவாங்க."