தண்ணீர் வரைக்கும்தான் படித்திருந்தேன்

2023 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை. காலையில் கோலம், காபி, துளசிக்கு நீர், துணி மடிப்பு என்று எல்லாம் வரிசைப்படி நடந்தன. மாலையில் என் மகள் காயத்ரியைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். பையனும் அவளும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். பையனின் அப்பா தலையசைப்பதுதான் பாக்கி. அவர் ஓய்வுபெற்ற மொழியியல் பேராசிரியர். அவருடைய வாய்மொழித் தேர்வுக்குப் போனவர்கள் அழுதுகொண்டே வெளியே வருவார்களாம்.

அவரைக் கவர வேண்டுமென்று முந்தின நாள் கைப்பேசியில் ஒரு கட்டுரை படித்தேன். ஐரோப்பாவில் பாஸ்க் என்று, எந்தக் குடும்பத்திலும் சேராத ஒரு மொழி. அதில் தண்ணீருக்கு ‘உர்’. சமஸ்கிருதத்தில் ‘வார்’. பழைய தொடர்பு இருக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். (அந்த ‘இருக்கலாம்’ என் கண்ணில் படவே இல்லை என்பது என் கணவரின் கட்சி.)

வலியசாலைத் தெருவில் கார் வந்து நின்றதும் காயத்ரி என் காதில், “அம்மா, தயவுசெஞ்சு மிண்டாம இரு, வாயே திறக்காதே” என்றாள்.

பஜ்ஜித் தட்டை வைத்த கையோடு வாயைத் திறந்தேன்.

“மாமா, பாஸ்க்ல இருக்கற ‘உர்’ரும் நம்ம ‘வார்’ரும் ஒண்ணுதானாக்கும். அந்த பாஷைக்கும் சமஸ்கிருதக் குடும்பத்துக்கும் உறவு இருக்கு.”

பேராசிரியர் பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

“ஒரு சொல் ஒத்துப்போனா உறவாயிடுமோ?”

காயத்ரியின் முகம் வெளுத்தது.

“தற்செயலாவும் இருக்கலாமே. அடுத்தது சொல்லுங்கோ. நெருப்புக்கு என்ன?”

‘தெரியாது’ என்ற எளிய சொல் எல்லா மொழிகளிலும் இருக்கிறது. பயத்தில் ஒன்றிலும் வரவில்லை. அக்னியின் வாலை நறுக்கி, “அக்” என்றேன்.

(விக்கல் என்று நினைத்து என் கணவர் சொம்பை நீட்டினார். இன்றும் எங்கள் வீட்டில் விக்கலுக்கு ‘பாஸ்க்’ என்றுதான் பெயர்.)

“பாஸ்க்ல நெருப்புக்கு ‘சு’” என்றார் பேராசிரியர். அப்புறம் பஜ்ஜியைத் தொடவில்லை. “ஆத்துக்குப் போய்ச் சொல்றோம்” என்று எழுந்துவிட்டார்.

“என் கல்யாணம் அக்குன்னு நின்னுடுத்து. சந்தோஷமா?” என்று காயத்ரி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் பால் காயும் முன்பே தொலைபேசி. திரையில் பேராசிரியர் பெயர். கணவரிடம் நீட்டினேன், அவர் எனக்கே திருப்பி நீட்டினார்.

“மாமி, ராத்திரி பூரா சிரிச்சோம், கேட்டேளா? என் முன்னாடி பயமில்லாம புளுகின முதல் ஆள் நீங்கதான்.”

பயமில்லாமல்!

“நிச்சயதார்த்தத்துக்கு நாள் பாருங்கோ. அன்னிக்கு பாஸ்க்ல கைக்கு என்னன்னு கேப்பேன்.”

நிச்சயதார்த்தத்தன்று காலை முதல் வேலையாக, அந்தச் சொல்லைத் தேடி, ‘எஸ்கு’ என்று என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன்.