பெருமாள் கோவிலில் விபூதி

"இன்னாங்க இது, சட்டைக் கையெல்லாம் ஒரே வெள்ளை?" என்று கேட்டாள் சம்பூர்ணம்.

சதாசிவம் வாத்தியார் ஒரு செருப்பைக் கழற்றியும் இன்னொன்றைக் கழற்றாமலும் வாசற்படியில் நின்றார். எவ்வளவு பெரிய வகுத்தலையும் மனசுக்குள்ளேயே போட்டு முடிக்கிறவர். பொய் சொல்ல மட்டும் அவருக்குத் தாளும் பேனாவும் தேவைப்பட்டன.

"விபூதி" என்றார்.

"எந்தக் கோவில்ல?"

"தெனம் போறனே, அதான். திருவிடந்தை."

"பெருமாள் கோவில்ல எவன் விபூதி குடுக்கறான்?"

வாத்தியார் இரண்டாவது செருப்பையும் கழற்றினார். அதற்குள் விடை கிடைத்துவிட்டது.

"திரும்பி வந்து நம்ம கந்தசாமி கோவில்லயும் ஒரு கும்பிடு போட்டேன்."

"விபூதியை நெத்தியில வெப்பாங்களா, முழங்கை வரைக்கும் பூசுவாங்களா?"

"நல்ல கூட்டம். தள்ளுமுள்ளு."

அன்றைக்குத் திருப்போரூரில் கிருத்திகையும் இல்லை, ஒன்றும் இல்லை. கோவில் குளத்துப் படிக்கட்டில் ஒரு நாய்தான் தள்ளுமுள்ளு இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. சம்பூர்ணம் காபி கொண்டுவந்து வைத்தாள். டம்ளர் மேஜையைத் தொட்ட ஓசை எதிர்வீட்டுக்குக் கேட்டது.

வெள்ளை, விபூதி அல்ல, சாக்பீஸ் தூள். சதாசிவம் ரிட்டயரான சில மாசத்திலேயே படூரில் ஒரு தனியார் பள்ளியில் முழு நேரக் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்துவிட்டார். இதிலே மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மறைக்க ஒரு மைத்துனன் இருந்தான்.

சம்பூர்ணத்தின் தம்பி திருநாவுக்கரசு, அரசாங்கக் கருவூலத்தில் சூப்பிரண்டு. எந்த ஊர்க் கருவூலம் என்று கேட்காதீர்கள். எனக்கும் பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. வருஷா வருஷம் பென்ஷன்காரர்கள் எல்லாரும் 'இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம்' என்று நேரில் முகம் காட்டப் போகிற இடம் அது. அங்கே மைக்கைப் பிடித்து முழங்குவது திருநாவுக்கரசின் வேலை.

"ரிட்டயரானவங்க எங்கியாவது முழு நேர வேலைக்குப் போறீங்கன்னு எங்க காதுல வுழுந்துது, பென்ஷன் அத்தோட கட்! அப்புறம் இங்க வந்து அழக் கூடாது!"

அதையே சதாசிவத்தின் பிரிவு உபசார விருந்திலும், வாயில் ஒரு வடை இருக்கும்போதே, மைக் இல்லாமலே முழங்கினான். அது எந்த அரசாணை, என்ன நம்பர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டால், 'நீ எதுக்குக் கேக்கற?' என்று வருமே!

சதாசிவமும் வீட்டில் சும்மா இருந்துதான் பார்த்தார். பால்காரனிடம் இரண்டு கேன்களின் மீப்பெரு பொது வகுத்தியைக் கேட்டார். அவன் தெருவையே மாற்றிக்கொண்டான். வந்த கல்யாணப் பத்திரிகைகளைச் சிவப்பு மையில் திருத்தி, மார்க் போட்டு, பெண் வீட்டாருக்கே திருப்பி அனுப்பினார். சாம்பாருக்கு முப்பத்தைந்து போட்டுப் பாஸ் பண்ணி விட்டதாக அவர் சொன்ன அன்று சம்பூர்ணம் சாப்பிடவில்லை. கரும்பலகை இல்லாமல் அவருக்கு உடம்பெல்லாம் அரித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான், சம்பூர்ணம் சந்தைக்குப் போயிருந்தபோது, லோகநாயகி அம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினார். படூர்ப் பள்ளியின் பிரின்சிபால்.

"உங்களைப் பத்தி ஒருத்தர் ரொம்ப உயர்வா சொன்னார் சார். முழு நேரம் வரணும். சம்பளம் கொஞ்சம் கம்மிதான். கையெழுத்து கிடையாது, ரிஜிஸ்தர் கிடையாது. எல்லாம் உங்க பென்ஷன் நல்லா இருக்கணும்னுதான்."

"தாளாளர் யாரு மேடம்?"

"அவரு வெளிய வர மாட்டாரு. எல்லாம் போன்லதான். ரொம்ப அடக்கமான மனுஷன்."

போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே எல்லாருமே ரிட்டயரானவர்கள். ஆசிரியர் அறையில் மின்விசிறியை விட முழங்கால்கள் அதிகம் சத்தம் போட்டன. அறிவியல் வாத்தியார் ஒளிச்சேர்க்கை நடத்தும்போதே தூங்கிவிடுவார். அவர் எழும்வரை பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கும். 'என்ன ஒழுக்கம், என்ன அமைதி!' என்று ஜன்னல் வழியே பார்த்த பெற்றோர்கள் வரிசையில் நின்று பிள்ளைகளைச் சேர்த்தார்கள்.

ஆபத்து வந்தால் தப்பிக்கவும் அங்கே ஒரு ஏற்பாடு இருந்தது. உடற்பயிற்சி ஆசிரியர் பக்தவத்சலம் கேட்டருகே காவல். சர்க்கார் முகம் எதையாவது கண்டால் நீளமாக ஒரு விசில். உடனே வாத்தியார்கள் அத்தனை பேரும் வகுப்பை விட்டு ஓடிவந்து வராந்தா பெஞ்சில் வரிசையாக உட்கார வேண்டும். யார் என்று கேட்டால், பேரப்பிள்ளையை அழைத்துப்போக வந்த தாத்தா, பாட்டி. இதற்கு மாசம் ஒருமுறை ஒத்திகை நடந்தது. ஓடி வருவதைவிட, உட்கார்ந்த பிறகு மூச்சு வாங்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஆக, சம்பூர்ணத்திடம் உண்மையைச் சொல்ல வழியே இல்லை. அவள் வைத்த ரசத்தில் உப்பு கூடினால்கூட பத்து மணிக்குள் தம்பிக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் தினம் கோவில் என்றார். படூருக்கும் அதற்கும் கேளம்பாக்கம் வரை ஒரே பஸ் தடம் என்று கணக்குப் போட்டு, திருவிடந்தையைத் தேர்ந்தெடுத்தார். கணக்கு சரி. கோவில்தான் தப்பு.

மறுநாள் காலை இட்லியோடு சேர்த்து ஒரு கேள்வியையும் வைத்தாள் சம்பூர்ணம்.

"திருவிடந்தைக்கு எதுக்குப் போவாங்க, தெரியுமில்ல?"

"சாமி கும்பிட."

"கல்யாணம் ஆவாதவங்க போவாங்க. மாலை வாங்கிப் போட்டுக்கினு சுத்துவாங்க. சீக்கிரம் கண்ணாலம் ஆவணும்னு. நம்ம பொண்ணக் கட்டிக் குடுத்து, பேரன் பெங்களூர்ல பள்ளிக்கூடம் போறான். நீங்க யாருக்குச் சுத்தறீங்க?"

தண்ணீர் குடித்துக்கொண்டே யோசித்தார்.

"நம்ம ரமேஷுக்கு! என் பழைய ஸ்டூடண்டு. பாவம், பொண்ணே அமையல. அவனுக்கு லீவு கெடையாது. அதான் அவன் சார்பா நான்."

சம்பூர்ணத்தின் முகம் பூவாக மலர்ந்தது. நல்ல மனசு. பொய்யை விட நல்ல மனசு எவ்வளவு ஆபத்து என்பது சாயங்காலம் தெரிந்தது. அவள் ஆமூரில் தன் ஒன்றுவிட்ட அண்ணன் மகள் ஜாதகத்தை வாங்கிக்கொண்டு, மஞ்சள் தடவி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ரமேஷின் வீட்டுக்கே போய்விட்டாள். கதவைத் திறந்தவள் திவ்யா. இடுப்பில் ஒரு குழந்தை, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று.

"ரமேஷுக்குப் பொண்ணு பார்த்துகினு வந்துகீறேம்மா. நீ தங்கச்சியா?"

"பொண்டாட்டி!"

அன்று முதல் ரமேஷ் ஜெராக்ஸ் மெஷின் மேல்தான் தூங்கினான். மூன்றாம் நாள், கழுத்து ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்ட நிலையில், சாயங்காலம் சதாசிவம் இன்னும் வந்து சேராத நேரத்தில் வந்து நின்றான்.

"இன்னாம்மா இது, சார் என் வாழ்க்கையில வெளையாடறாரு? எனக்குப் பொண்ணு தேடறேன்னு நான் எப்பம்மா சொன்னேன்? உங்களுக்கு ஒண்ணு சொல்லவா? சார் கோவிலுக்கே போறதில்ல. பேப்பர் வாங்கப் போவசொல்ல என் கண்ணால பார்த்தேன். கேளம்பாக்கம் தாண்டிப் போய், படூர்ல எறங்கறாரு. சட்டைய இழுத்து விட்டுகினு, தலைய வாரிகினு, குடுகுடுன்னு ஓடறாரு!"

சம்பூர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தலை வாருகிறாரா? தலையில் வார என்ன இருக்கிறது என்பதுகூட அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த நேரம் டெலிபோன் அடித்தது. எடுத்தாள். இருபது வயசுப் பெண்ணின் குரல். தேன்.

"சார் இருக்காருங்களா?"

"இல்ல. நீ யாரு?"

"அது... நான் யாருன்னு சொல்லக் கூடாதுங்க. நாளைக்கு ஏழரைக்கே வந்துடச் சொல்லுங்க. அவருக்குத் தெரியும். வூட்ல யாருக்கும் சொல்லிக்க வேணாம்னு சொல்லுங்க. நீங்க யாருங்க பேசறது?"

"வூடு!" என்று அலறிவிட்டுப் போனை வைத்தாள்.

பேசியது மார்கரெட் டீச்சர். ஆங்கிலம். பத்தாம் வகுப்புக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். அவளுக்கும் பென்ஷன் உண்டு, பயமும் உண்டு. ஆகவே ஜாக்கிரதையாகப் பேசினாள்.

அடுத்த நிமிஷம் சம்பூர்ணம் தம்பிக்குப் போன் போட்டாள்.

"அரசு! உங்க மாமா ரெண்டாங் கண்ணாலம் பண்ணிக்கப் போறாருடா! படூர்ல வெச்சிருக்காரு! நாளைக்கு ஏழரைக்கு முகூர்த்தம்!"

"எங்க? படூர்லயா?" திருநாவுக்கரசின் குரல் இறங்கிவிட்டது. "படூர்ல எங்க?"

"நாளைக்கு நானே போய் கையும் களவுமா புடிக்கறேன்."

"ஐயோ, வேணாம் அக்கா! நீ அந்தப் பக்கமே வரக் கூடாது! நான் பார்த்துக்கறேன். நீ வூட்லயே இரு!"

தம்பிக்குத்தான் அக்கா குடும்பத்தின் மேல் எவ்வளவு பாசம் என்று சம்பூர்ணத்துக்குக் கண் கலங்கியது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவளத்தில் மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்புவான். ஒரு தடவையும் மீனோடு வந்ததில்லை. 'நல்ல மீன் இல்ல அக்கா' என்பான். அக்காவுக்கு மட்டமான மீனைக்கூடக் கொடுக்க மனசு வராத பிள்ளை.

ஆனால், வீட்டிலேயே இரு என்றால் இருப்பவளா அவள்?

மறுநாள் காலை. சதாசிவம் பத்தாம் வகுப்பில் வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தார். உலகத்தில் அவருக்கு அதைவிட இன்பம் கிடையாது. சாக்பீஸ் வட்டத்தைத் தொடுகிற அதே கணத்தில் விசில் ஊதியது. நீளமாக.

"கஜானா! கஜானா சூப்பிரண்டு ஸ்கூட்டர்ல வந்துகினு கீறான்!" என்று பக்தவத்சலம் கத்தினார். அந்த மைக் முகத்தை மறக்க முடியுமா?

நாற்பது வருஷ அனுபவங்கள் நாலாபுறமிருந்தும் ஓடிவந்தன. வேட்டி தடுக்கியது. மூக்குக் கண்ணாடிகள் மாறின. தூக்கத்திலிருந்து எழுந்த அறிவியல் வாத்தியார், கிரகணமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். திருநாவுக்கரசு கேட்டுக்குள் நுழைந்தபோது பெஞ்சு முழுக்க தாத்தா பாட்டிகள். கையிலே மட்டும் ஆளுக்கொரு சாக்பீஸ்.

திருநாவுக்கரசு ஏனோ அவர்களைவிட அதிகமாக வியர்த்துப்போய் நின்றான். கடைசி ஆள் மேல் அவன் கண் விழுந்தது.

"மாமா, நீங்க இங்க இன்னா பண்றீங்க?"

"பேரனக் கூப்ட்டுகினு போவ வந்தேன்."

"பேரன் பெங்களூர்லல்ல கீறான்?"

"அதான் லேட்டாவுது" என்றார் சதாசிவம்.

பத்தாம் வகுப்பு மொத்தமும் ஜன்னலில் தொங்கியது. "தாத்தா! தொடுகோடு பாதியில நிக்குது தாத்தா!"

திருநாவுக்கரசு மாமாவின் கையைப் பிடித்து இழுத்தான். "அக்கா வந்துடும். வாங்க, பின்பக்கமா போயிடுங்க..."

வந்தேவிட்டாள். கேட்டருகே தம்பியின் ஸ்கூட்டரைப் பார்த்து ஷேர் ஆட்டோவிலிருந்து குதித்து, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, நேராக வராந்தாவுக்கு.

"எவ அவ? எனக்குப் போன் பண்ணவ எவ?"

நடுவிலிருந்து மார்கரெட் டீச்சர் எழுந்தாள். வெள்ளைத் தலை, காலில் முழங்கால் பட்டை, கையில் மாத்திரை டப்பி. தேன் குரலில், "நாந்தாங்க" என்றாள்.

சம்பூர்ணம் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"இதுக்காய்யா தெனம் பஸ் ஏறினீங்க?"

சதாசிவம் எழுந்தார். முப்பத்தாறு வருஷம் வகுப்பறையில் நிமிர்ந்து நின்ற முதுகு, இப்போதும் நிமிர்ந்தது.

"ஆமா சம்பூர்ணம். இதுக்குத்தான்." சாக்பீஸை உயர்த்திக் காட்டினார். "நான் இங்க முழு நேரமா வேலை பார்க்கறேன். கோவிலும் இல்ல, கண்ணாலமும் இல்ல. திருநாவுக்கரசு, எழுதிக்க. பென்ஷன நிறுத்தறதுன்னா நிறுத்திக்க. என்னால போர்டு இல்லாம இருக்க முடியாது!"

பிறகு பெஞ்சு முழுவதும் முழங்கால்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "நானும்!" "நானும்தான்!" அறிவியல் வாத்தியார் என்ன ஏதென்று தெரியாமலே, "உள்ளேன் ஐயா" என்றார்.

சம்பூர்ணத்துக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. இப்போது பயம். தம்பியின் கையைப் பிடித்தாள். "அரசு, உன் கால்ல வேணா வுழறேன். இவங்க வயித்துல அடிச்சிடாதடா. பார்க்காத மாதிரி போயிடுப்பா."

திருநாவுக்கரசு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். தூரத்தில் பார்த்தான். பெருந்தன்மை அவன் முகத்தில் மெல்ல மெல்லப் பரவியது.

"சரி. எங்க அக்காவுக்காக நான் எதையும் பார்க்கல. யாரையும் பார்க்கல. ஆனா ஒண்ணு. எல்லாரும் அடக்கமா இருக்கணும். சம்பளம் ஏத்திக் கேக்கறது, லீவு கேக்கறது, சங்கம் வெக்கறது, இதெல்லாம் கூடாது. வெளிய தெரிஞ்சா நானே நெனைச்சாலும் காப்பாத்த முடியாது."

"மனுஷன்னா இவருதான்!" என்று பக்தவத்சலம் கைகூப்பினார். மார்கரெட் டீச்சர் கண்ணைத் துடைத்தாள். லோகநாயகி அம்மாள் மட்டும் தூணுக்குப் பின்னால் நின்று செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எந்தம்பி!" என்று சம்பூர்ணம் அத்தனை பேரையும் பார்த்துப் பெருமையாகச் சொன்னாள். சதாசிவம் மைத்துனனைக் கட்டிப் பிடித்தார். அவன் சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள்.

அப்போதுதான் பின்கட்டிலிருந்து ஆயா செங்கம்மாள், ஒரு கையில் துடைப்பமும் ஒரு கையில் சாவிக்கொத்துமாக வேகமாக வந்தாள். திருநாவுக்கரசைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தாள்.

"இன்னா தாளாளரய்யா, வழக்கமா ஞாயித்துக்கெழமைதான வருவீங்க, இன்னிக்கு வேலை நாள்ல வந்துகீறீங்க? உங்க ரூமு தொறந்து, நாற்காலி தொடச்சி வெச்சிட்டேன், வாங்க!"