தாய்மாமன் மடியும் டெக்னீசியமும்

உறுவையாறு,
வெள்ளிக்கிழமை மாலை.

மாப்பிள்ளை இராமச்சந்திரன் அவர்களுக்கு, உங்கள் மனைவியின் அண்ணன் தட்சணாமூர்த்தி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே இடுப்பைத் தவிர என் மற்ற அங்கங்கள் எல்லாம் சுகம். அங்கே சோரியாங்குப்பத்தில் நீங்களும், என் தங்கை விசாலாட்சியும், இன்று காது குத்திக்கொண்ட உங்கள் பேத்தியும் நிம்மதியாக இருப்பீர்கள். எனக்குத்தான் அது வாய்க்கவில்லை.

உங்கள் மகள் அனுப்பிரியாவுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லை. அவளுக்குக் காது குத்தியபோது மடி கொடுத்த தாய்மாமன் நான். அவள் பெண்ணுக்கும் நானே மடி கொடுப்பது என்று நாலு பேர் முன்னிலையில் பேசி முடித்தோம். இன்று குழந்தையை உங்கள் அண்ணன் மகன் ராஜேஷ்குமார் மடியில் உட்காரவைத்தீர்கள். என் எலும்பில் கதிர்வீச்சு இருக்கிறது என்பது உங்கள் காரணம்.

அப்படிச் சொன்னவனே நான்தான், மறுக்கவில்லை. இடுப்பு வலிக்காக எலும்பு ஸ்கேனுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஊசி போட்டபின் மருந்து எலும்பில் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும், பிறகுதான் படம் எடுப்பார்கள் என்று நானே படித்து வைத்திருந்தேன். பிள்ளையார்குப்பம் ஸ்கேன் சென்டரில் ஊசி, இடைவேளையில் சோரியாங்குப்பத்தில் மடி, திரும்பிப் போய்ப் படம் என்று திட்டம் போட்டேன். இதில் என்ன குற்றம்? வந்த இடத்தில் நாலு பேருக்கு விவரம் தெரியட்டுமே என்று விளக்கியதுதான் என் தப்பு. நாற்பது வருஷம் வில்லியனூரில் பாத்திரக்கடை வைத்தவன், உலோகத்தைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது? மாலிப்டினம் என்று ஒரு உலோகம். அதன் உப்பை ஒரு குழாய்க்குள் அலுமினாத் தூளில் பிடித்து வைத்திருக்கிறார்கள். அதன் அணுக்கரு தானாகச் சிதைந்தால் அணு டெக்னீசியம் என்ற வேறு உலோகமாகிவிடுகிறது. ஆள் மாறியதும் பழைய பிடிப்பு தளர்ந்துபோகிறது. பித்தளைக் குண்டானில் பூசிய ஈயம் ராத்திரியோடு ராத்திரியாக வேறு சரக்காக மாறி, காலையில் தண்ணீர் விட்டதும் கழன்று வந்தால் எப்படி, அப்படி. அப்படிக் கழன்று வந்த, கதிர் வீசும் டெக்னீசியத்தைப் பாஸ்பேட் வகை மருந்தோடு கட்டி ஊசியில் ஏற்றினால் நேரே எலும்புக்குப் போகிறது. இவ்வளவுதான் சொன்னேன். அதற்குள் விசாலாட்சி, "அய்யோ அண்ணே, இன்னாத்த உடம்புல ஏத்திக்கினு வந்துக்கிற? புள்ளய தொடாத!" என்று கத்தி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள்.

நான் விடவில்லை. "ஏ விசாலாட்சி, ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் வீரியம் பாதியாயிடும்டி. கதிரை விட்டப்புறமும் அது டெக்னீசியமாத்தான் இருக்கும். மறுபடி வேற உலோகமா மாற ரெண்டு லட்சம் வருஷம் ஆவும். அதுக்குள்ள காது குத்திடலாம்" என்றேன். இதில் ஒரு சொல் பிழையென்று யாராவது காட்டட்டும். ஆசாரியோ ஊசியும் கையுமாக, "மடி யாருதுன்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்கப்பா, பாகூர்ல இன்னொரு காது காத்துக்கினு கீது" என்கிறார். ராஜேஷ்குமார் அதற்குள் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்துவிட்டான். "மாமா, நீங்க எட்டியே குந்துங்க, வீடியோவுல நல்லா தெரிவீங்க" என்று எனக்கே சமாதானம் சொல்கிறான்! என்னை வேப்பமரத்தடியில் சமையல்காரர்களோடு உட்காரவைத்தீர்கள். சாப்பாட்டை ஒருத்தி பாதி வழியில் வைத்துவிட்டு ஓடிவிட்டாள். ஆனால் நான் சுமந்து வந்த சீர்த்தட்டை, அதில் தோடு இருந்ததால், ஆளாளுக்குத் தூக்கிக்கொண்டு உள்ளே போனீர்கள். தட்டிலிருந்து மட்டும் யாருக்கும் கதிர் அடிக்கவில்லை. அந்தக் கோபத்தில் படம் எடுக்கக்கூடப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த புதன்கிழமை வில்லியனூர் கோயிலில் குழந்தைக்கு மொட்டை. அன்று மடி என்னுடையது. ராஜேஷ்குமார் எட்டிக் குந்தட்டும். சம்மதம் என்று நாலு வரி எழுதி அனுப்பாவிட்டால், இனி உங்கள் வீட்டு விசேஷத்துக்கு என் சீர்த்தட்டு மட்டும் தனியாக நடந்து வராது.

மற்றபடி குழந்தையின் காது புண்படாமல் ஆறட்டும். அனுப்பிரியா சகல சௌபாக்கியத்தோடு இருக்கட்டும். விசாலாட்சியை விசாரித்ததாகச் சொல்லவும். கோபமாக விசாரித்தேன் என்றே சொல்லவும்.

இப்படிக்கு,
தாய்மாமன்,
வே. தட்சணாமூர்த்தி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஸ்கேன் சென்டரிலிருந்து கீர்த்திகா என்ற பெண் போன் செய்தாள். "அய்யா, எங்க போயிட்டீங்க? ஊசி போட்டாச்சுன்னு யாரு சொன்னது? நரம்பு சரியா கீதான்னு உப்புத்தண்ணி உட்டுப் பாத்தோம். உக்காருங்க, மருந்து எடுத்தாறேன்னு சொல்றதுக்குள்ள, எல்லாம் எனக்குத் தெரியும்மான்னு கெளம்பிட்டீங்க. கையில சொருகின குழாயையாவது வந்து கழட்டிக்குங்க" என்றாள். ஆக, வெறும் உப்புத்தண்ணீருக்காக ஒரு தாய்மாமனை மரத்தடியில் தள்ளிய உங்கள் குற்றம் இப்போது இரட்டிப்பாகிறது. நிஜ ஊசி அடுத்த புதன்கிழமை காலையாம். மொட்டையை வெள்ளிக்கு மாற்றவும். யாராவது கேட்டால் புதன் நாள் சரியில்லை என்று மட்டும் சொல்லவும்; டெக்னீசியம் பற்றிச் சபையில் வாயைத் திறக்க வேண்டாம்.