மாமனாருக்கு வந்த ஐஸ் பெட்டி

ஜெனரல் ஷிஃப்ட் போகிறவனுக்கு உலகத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற அவன், மனுஷன் ராத்திரியில்தான் தூங்குவான் என்று நம்பிக்கொண்டிருப்பான். நானும் அந்த ரகம்தான். நெய்வேலியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற கான்ட்ராக்ட் வேலை. மைன்ஸைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

அந்த வேலையை வைத்துக்கொண்டு கலைவாணியைக் காதலித்தேன் (கொழுப்புதான்). அவள் அப்பா முருகேசன் மைன்ஸில் பர்மனென்ட். பெண் கேட்டபோது, "கான்ட்ராக்ட்டுக்கு எப்படிப்பா பொண்ணு குடுக்கறது? ஞாயித்துக்கெழம வா, சொல்றேன்" என்றார். விஷயம் எங்கள் மூவருக்கும் கலைவாணியின் அம்மாவுக்கும் மட்டுந்தான் தெரியும்.

எனக்கு ஞாயிறு வரை பொறுக்கவில்லை. அம்மாவும் மகளும் நெல்லிக்குப்பத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், மதியம், மனுஷன் தனியாக இருப்பாரே என்று பிரியாணிப் பொட்டலத்தோடு குவார்ட்டர்ஸுக்குப் போனேன். பெல் அடித்தேன், கதவைத் தட்டினேன். உள்ளே சத்தமே இல்லை. பக்கவாட்டு ஜன்னலில் உள்பக்கமாகப் பேப்பர் ஒட்டியிருந்தது. கிழிந்த ஓரத்தில் கண்ணை வைத்தேன்.

இருட்டில் தரையில் நீட்டிப் படுத்திருந்தார். கழுத்து வரை வெள்ளை வேட்டி. காதில் பஞ்சு. தாடையைச் சுற்றித் தலையில் ஒரு துண்டுக்கட்டு.

"சார், சார்" என்று கத்தினேன். அசைவில்லை. துணிந்து "மாமா" என்றேன். அதற்கும் திட்டவில்லை. அப்படியென்றால் உயிர் இல்லை என்றுதானே அர்த்தம்?

வேறு எவனாயிருந்தாலும் கதவை உடைத்திருப்பான். நான் போனை எடுத்தேன். பிள்ளையார் சதுர்த்திக்கு போஸ்டர் செய்து கொடுத்ததால் அவர்கள் பிளாக் வாட்ஸ்அப் குரூப்பில் நானும் இருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தையைக் காட்டினேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர். அவர் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அடியில் 'மீளாத் துயரில்: வருங்கால மருமகன்' என்று என் பெயர். அழுதுகொண்டேதான் எழுத்துக்கு நிழல் கொடுத்தேன். அனுப்பிவிட்டு மந்தாரக்குப்பத்துக்கு போன் போட்டு ஐஸ் பெட்டிக்கும் சொல்லிவிட்டேன்.

குரூப்பில் கும்பிடு பொம்மைகள் வரிசையாக விழுந்தன. அக்கம்பக்கத்தார் செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார்கள். கதவை உடைக்கலாமா என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்து, பெட்டியைத் தடாலென்று இறக்கினார்கள்.

கதவு திறந்தது. துண்டுக்கட்டோடு முருகேசன் நின்றார்.

டவுன்ஷிப்பில் ஒரு சாவு என்றால் கூப்பிடாமலே போய்த் தோள் கொடுப்பவர் அவர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வந்து பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்தார். "யாருக்குப்பா? புடிங்க புடிங்க, நின்னுகினு இருந்தா எப்படி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் போனை அவரிடம் நீட்டினார். முருகேசன் போஸ்டரைக் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். பிறகு துண்டை அவிழ்த்துக் காதுப் பஞ்சை எடுத்தார்.

"நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்கிக்கினு இருந்தேன்யா. கோயில்ல ஸ்பீக்கர் போட்டுக்கினு இருந்தானேன்னு பஞ்சு வச்சி, அது விழாம துண்டக் கட்டினேன். அது ஒரு குத்தமா?"

அதற்குள் உள்ளே அவர் போன் அடித்தது. எடுத்தார். "நான்தான் பேசறேன். அழாத. இல்ல, இன்னும் இல்ல." போனுக்குள்ளிருந்து கலைவாணி கதறுவது வாசல்வரை கேட்டது. அந்தப் பெட்டியில் நானே ஏறிப் படுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவ்வளவு கேவலமாக உணர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கலைவாணி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. முருகேசன் காபியை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "மருமகன்னு ஊருக்கே போஸ்டர் அடிச்சுட்ட. இனிமே எவன் வந்து பொண்ணு கேப்பான்? நீயே கட்டிக்க."

கல்யாணத்தில் மொய் எழுதியவர்களெல்லாம் முதலில் அவரைத்தான் தொட்டுப் பார்த்தார்கள்.

இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். மதியம் படுப்பதற்கு முன்னால் தினமும் போன் வரும். "மாப்ள, தூங்கப் போறேன். பெட்டிக்குச் சொல்லிடாத." ஆபீஸே சிரிக்கும். போன மாசம் ஒரு மதியம் அந்த போன் வரவில்லை. நான் போட்டும் எடுக்கவில்லை. பர்மிஷன்கூடச் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தேன்.

வாசல் கேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"இவ்ளோ லேட்டாவாடா வருவ? அந்தப் பெட்டிக்காரனே பரவால்ல போலிருக்கு."